பழைய பாணி வால்வு கிட்டார் ஆம்பில் மின்மாற்றி என்ன செய்கிறது?

வால்வுகளால், அதாவது மின்சமிக்ஞையைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களால், இயங்கும் பழைய பாணிக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றிய பேச்சில், மின்மாற்றியைப் போல மிகையாகப் புகழப்பட்ட பொருளும் இல்லை, அதைப் போலப் புறக்கணிக்கப்பட்ட பொருளும் இல்லை. ஒரு சாரார் 1960களில் செய்த மின்மாற்றியின் இரும்பிலேயே அந்தக் காலத்து இனிமை உறைந்திருப்பதாக நம்பி, பெயர் பெற்ற ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். இன்னொரு சாரார் வாட் கணக்குப் பொருந்தினால் எல்லா மின்மாற்றியும் ஒன்றுதான் என்று எண்ணிக் கிடைத்ததைப் பொருத்திவிட்டு, ஒலி ஏன் மாறியது என்று வால்வுகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். மின்மாற்றி எந்த வழியாக ஒலிக்குள் நுழைகிறது என்று யாரும் நிதானமாகச் சொல்லித் தராததே இரு தரப்புக் குழப்பத்துக்கும் காரணம் என்பது என் எண்ணம்.

இக்கட்டுரை அந்த வழியை விளக்குகிறது. மின்மாற்றி வால்வுகளின் மேல் ஒரு சுமையை வைக்கிறது. கீழ்ச்சுரங்களுக்கும் மேற்சுரங்களுக்கும் எல்லை வகுக்கிறது. வால்வுகளுக்குக் கிடைக்கும் மின்சாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் தீர்மானிக்கிறது. அந்தச் சுமையின் கீழ், அந்த எல்லைகளுக்குள் வால்வுகளும் ஸ்பீக்கரும் நடந்துகொள்ளும் விதமே நம் காதில் தொனியாக விழுகிறது.

இரண்டு மின்மாற்றிகள், இரண்டு வேலைகள்

ஒரு வால்வு ஆம்பின் பின்புறத்தைப் பார்த்தால் கனமான இரும்புப் பெட்டிகள் குறைந்தது இரண்டு தெரியும். அவற்றில் பொதுவாகப் பெரியது பவர் மின்மாற்றி. அது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, வால்வுகளுக்குத் தேவையான சில நூறு வோல்ட்டையும், வால்வின் உள்ளிழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட்டையும் தருகிறது. மற்றொன்று வெளியீட்டு மின்மாற்றி. ஆம்பின் கடைசி நிலையில் உள்ள பவர் வால்வுகளில் உருவான இசைச் சமிக்ஞையை ஸ்பீக்கருக்குக் கொண்டுசேர்ப்பது அதன் பணி. சில ஆம்புகளில் சோக் என்னும் சிறிய சுருளும் இருக்கும். அது மின்வழங்கலில் உள்ள இரைச்சலை வடிகட்டுகிறது. தொனியைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி வெளியீட்டு மின்மாற்றியைக் குறித்ததே என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே

வால்வால் உயர்ந்த மின்னழுத்தத்தைக் கையாள முடியும், ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே தர முடியும். ஸ்பீக்கரின் தேவை இதற்கு நேர்மாறானது: சில வோல்ட் போதும், ஆனால் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் மின்மாற்றியைக் கடப்பாரையோடு ஒப்பிடலாம். பெரிய கல்லை நெம்புகிறவர் கடப்பாரையின் நீண்ட முனையைப் பிடித்துக் குறைந்த விசையோடு நெடுந்தூரம் அழுத்துகிறார். குட்டையான மறுமுனை சிறிதளவே நகர்ந்தாலும் பெரும் விசையோடு கல்லைத் தூக்குகிறது. வால்வு இருப்பது நீண்ட முனையில். ஸ்பீக்கர் இருப்பது குட்டை முனையில். கடப்பாரை தானாக வலிமை எதையும் சேர்ப்பதில்லை. அதைவிட முக்கியமாக, கல் எவ்வளவு கனம் என்பது நெம்புகிறவர் கையில் தெரிகிறது. கடப்பாரையைத் தாங்கி நிற்கும் முட்டுக்கல்லை நகர்த்தினால் அதே கல்லின் கனம் கையில் வேறாகத் தெரியும்.

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருவோம். இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின் மேல் இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கின்றன. வால்வோடு இணைந்தது முதன்மைச்சுருள். ஸ்பீக்கரோடு இணைந்தது துணைச்சுருள். முதன்மைச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் உள்ளகத்தில் மாறும் காந்தப்பாயத்தை உண்டாக்க, அது துணைச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இரு சுருள்களின் சுற்று எண்ணிக்கைகளுக்கு இடையிலான விகிதமே முட்டுக்கல்லின் இடம்.

மாறுமின்னோட்டத்துக்கு ஒரு கருவி காட்டும் மொத்தத் தடையை மின்னெதிர்ப்பு என்கிறோம். இசைக்கலைஞர்களின் பேச்சில் இது இம்பீடன்ஸ். மின்மாற்றி மின்னழுத்தத்தைச் சுற்று விகிதத்தின்படி மாற்றுகிறது. மின்னெதிர்ப்பை அவ்விகிதத்தின் வர்க்கத்தின்படி மாற்றுகிறது. அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் வகை ஆம்பை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு 6வி6 பவர் வால்வுகள், ஒரு 8 ஓம் ஸ்பீக்கர், ஏறத்தாழ 22 வாட் வெளியீடு. வால்வுகளுக்கு 6,600 ஓம் அளவிலான சுமை வேண்டும் என்றால், 6,600-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கமூலம் காண, சுற்று விகிதம் ஏறக்குறைய 29-க்கு 1 என்று வரும். முழு ஒலியில் ஸ்பீக்கர் 13 வோல்ட்டையும் 1.7 ஆம்பியரையும் பெறும்போது, முதன்மைச்சுருளில் ஏறத்தாழ 380 வோல்ட்டும் 0.06 ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமும் இருக்கின்றன. இரு பக்கமும் திறன் ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: வெளியீட்டு மின்மாற்றி ஸ்பீக்கரின் சிறிய மின்னெதிர்ப்பை வால்வுக்குப் பெரிய சுமையாகக் காட்டுகிறது, அந்தச் சுமை எவ்வளவு என்பதைச் சுற்று விகிதமும் ஸ்பீக்கரும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

சுமை மாறினால் வால்வின் நடத்தை மாறும்

பொதுவாகச் சொல்லும்போது விட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. மின்மாற்றியில் "6,600 ஓம்" என்று எழுதியிருந்தால் அந்த 6,600 ஓம் மின்மாற்றிக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மின்மாற்றியிடம் இருப்பது விகிதம் மட்டுமே. 8 ஓம் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கரை மின்மாற்றியின் அதே வெளியீட்டு முனையில் இணைத்தால் வால்வு காணும் சுமை 3,300 ஓமாகக் குறைந்துவிடும். 16 ஓம் இணைத்தால் 13,200 ஓமாக உயரும். சுமை குறைந்தால் வால்வு அதிக மின்னோட்டத்தைத் தர நேர்ந்து சூடாகிறது. சுமை மிகுந்தால் மின்னோட்டம் குறைந்து, வால்வு தன் மின்னழுத்த எல்லையை முன்னதாகவே தொட்டுவிடுகிறது. வெளியீட்டுத் திறன் குறைகிறது, ஒலி உடைந்து கரகரக்கும் இடமும் அந்தக் கரகரப்பின் இயல்பும் மாறுகின்றன. ஸ்பீக்கரே இல்லாமல் வால்வு ஆம்பை முழங்கவிட்டால், முதன்மைச்சுருளில் எழும் மிக உயர்ந்த மின்னழுத்தம் காப்பைத் துளைத்து மின்மாற்றியையே எரித்துவிடக்கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. பன்னிரண்டு அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் பலவற்றில், தானாக அதிர விரும்பும் 75 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மின்னெதிர்ப்பு பல மடங்கு உயர்கிறது. மேல் அதிர்வெண்களிலும் படிப்படியாக ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் மின்மாற்றி வால்வுக்கு அப்படியே பெருக்கிக் காட்டுகிறது. பவர் வால்வுகள் சுமை கூடிய இடத்தில் அதிக மின்னழுத்தத்தைத் தரும் இயல்புடையவை என்பதால், கீழே ஒரு திரட்சியும் மேலே ஒரு பளிச்சிடலும் ஒலியில் சேர்ந்துகொள்கின்றன. இவற்றை மின்மாற்றியின் குணம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது ஸ்பீக்கரின் குணம், மின்மாற்றி அதைக் கடத்துகிறது.

இரும்பின் அளவும் கீழ்ச்சுரமும்

இங்கேதான் மின்மாற்றி தன் சொந்த எல்லையை விதிக்கத் தொடங்குகிறது, இங்கேதான் காதுக்கு எளிதில் புலப்படும் வேறுபாடும் இருக்கிறது.

முதன்மைச்சுருள் வெறும் இணைப்பு அல்ல. அதற்கென்று ஒரு மின்தூண்டல் உண்டு. மின்தூண்டல் என்பது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் பண்பு. அதை ஹென்றி என்னும் அலகால் அளக்கிறோம். இந்த எதிர்ப்பு அதிர்வெண் குறையக் குறையக் குறைந்துகொண்டே போகும். முதன்மைச்சுருள் ஸ்பீக்கரின் சுமைக்குப் பக்கவாட்டு இணைப்பாக நிற்பதால், மிகத் தாழ்ந்த சுரங்களில் வால்வின் மின்னோட்டம் ஸ்பீக்கருக்குப் பயன்படாமல் அந்தச் சுருளின் வழியே வீணாகிறது. கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. மேலே சொன்ன 6,600 ஓம் சுமைக்கு, முதன்மைச்சுருளின் மின்தூண்டல் 13 ஹென்றி அளவில் இருந்தால், அந்த 82 ஹெர்ட்ஸிலேயே சுருளின் எதிர்ப்பும் சுமையும் சமமாகிவிடுகின்றன. அதற்குக் கீழே ஒலி சரியத் தொடங்கியிருக்கும். மின்தூண்டலைக் கூட்ட வேண்டுமானால் அதிகச் சுற்றுகளோ, அதிக இரும்போ, மேலான இரும்போ தேவை.

இரண்டாவது எல்லை காந்தத் தெவிட்டல். இரும்பு உள்ளகம் ஓரளவு காந்தப்பாயத்தையே தாங்கும். அதற்கு மேல் மின்னழுத்தத்தைக் கூட்டினாலும் காந்தப்பாயம் அதற்கேற்ப வளராது. அந்த நிலையே தெவிட்டல். உள்ளகம் சுமக்கும் காந்தப்பாயம் மின்னழுத்தத்தோடு கூடுகிறது, அதிர்வெண் உயர்ந்தால் குறைகிறது. திறந்த நிலையில் மீட்டிய மெல்லிய கம்பி 330 ஹெர்ட்ஸ். தடித்த கம்பி அதில் நான்கில் ஒரு பங்கு. ஒரே மின்னழுத்தத்தில் தடித்த கம்பியின் ஒலி இரும்பின் மேல் நான்கு மடங்கு பாரத்தை ஏற்றுகிறது என்பது இதன் பொருள். ஆகவே சிறிய இரும்பு எப்போதும் கீழ்ச்சுரத்தில்தான் முதலில் தளரும். தெவிட்டலை நெருங்கும்போது மின்தூண்டல் சரிந்து, கீழ்ச்சுரத்தின் அலை நசுங்கி, அதன் மேல் புதிய அதிர்வெண்கள் சேர்கின்றன. ஆனால் ஒரு திருத்தம் அவசியம்: பல ஆம்புகளில் வால்வுகளில்தான் ஒலி முதலில் உடைகிறது, இரும்பின் தெவிட்டல் அதன் பின்னரே, அதுவும் முழு ஒலியில், கீழ்ச்சுரங்களில் மட்டுமே பங்கு பெறுகிறது. வீட்டில் மெல்லிய ஒலியில் வாசிக்கும்போது தெவிட்டலைக் கேட்பதாகச் சொல்வது பொருந்தாது.

இதிலிருந்து பெரிய மின்மாற்றியே சிறந்தது என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. கீழ்ச்சுரம் நிறைந்த சமிக்ஞை உடையும்போது மற்றச் சுரங்களோடு கலந்து ஒலியைக் குழப்புகிறது. சிறிய மின்மாற்றி அடியில் கொஞ்சம் கத்தரித்துவிடுவதால், ஆம்பின் ஒலியளவை முழுதாகத் திறந்து வாசிக்கும்போது நடுச்சுரங்கள் முன்னே வந்து, கீழே ஓர் இளக்கமும் சேர்கிறது. ஃபெண்டரின் 1950களின் சிறிய டீலக்ஸ் ஆம்புகளை விரும்புகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். டீலக்ஸ் ரிவெர்பில் பெரிய ஆம்பின் வெளியீட்டு மின்மாற்றியைப் பொருத்துகிறவர்களுக்குக் கீழ்ச்சுரம் இறுக்கமாகவும் தெளிவாகவும் கிடைக்கிறது. கூடவே அந்த இளக்கம் குறைகிறது. எது வேண்டும் என்பது வாசிக்கிறவரின் தேர்வு.

ஃபெண்டர் சாம்ப் போன்ற ஒற்றைப் பவர் வால்வு ஆம்புகளின் நிலை சற்றுத் தனியானது. இரண்டு வால்வுகள் மாறி மாறி இழுக்கும் அமைப்பில், அவற்றின் நிலையான மின்னோட்டங்கள் உள்ளகத்தில் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. ஒற்றை வால்வில் அந்தத் தணிப்பு இல்லை. இரும்பு எப்போதும் ஒரு பக்கமாகவே காந்தமேறி நிற்கிறது. அது தெவிட்டாமல் இருக்க உள்ளகத்தில் சிறிய இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி மின்தூண்டலைக் குறைக்கிறது. ஐந்து வாட் சாம்ப்பில் கீழ்ச்சுரம் மெலிந்திருப்பதற்கு எட்டு அங்குல ஸ்பீக்கரோடு இதுவும் ஒரு காரணம்.

பழைய இரும்பைப் பற்றிய நம்பிக்கைக்கும் இங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. சிலிக்கான் கலந்த எஃகுத் தகடுகளில் தரங்கள் பல. படிகங்கள் ஒரே திசையில் அமையுமாறு உருட்டிய தகடு, அதே பருமனில் சாதாரணத் தகட்டைவிட அதிக மின்தூண்டலைத் தரும். பழைய மின்மாற்றி ஒன்றைச் சுற்று விகிதம் பிசகாமல் நகலெடுத்து, மேலான தகட்டில் செய்துவிட்டால், நகல் மூலத்தைவிடக் கீழே நன்றாக இறங்கும். மூலத்தின் ஒலி வரவில்லையே என்று கேட்கிறவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். காரணம் இரும்பின் வயது அல்ல, தரம்.

சுருக்கமாக: கீழ்ச்சுரத்தின் எல்லையை மின்தூண்டல் வகுக்கிறது, முழு ஒலியில் தெவிட்டல் அதை மேலும் இறுக்குகிறது, இரண்டுமே இரும்பின் அளவோடும் தரத்தோடும் சுற்றுகளோடும் கட்டுண்டவை.

மேற்சுரமும் சுற்றும் முறையும்

முதன்மைச்சுருள் எழுப்பும் காந்தப்பாயம் முழுவதும் துணைச்சுருளை அடைவதில்லை. அடையாமல் போகும் பகுதி கசிவு மின்தூண்டலாக நின்று மேற்சுரங்களைத் தடுக்கிறது. சுருள்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றிச் சுற்றினால் கசிவு குறையும். அதே சமயம் சுருள்களுக்கு இடையே மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை, கூடும். பதிவு செய்த இசையைக் கேட்பதற்கான உயர்தரக் கருவிகளின் மின்மாற்றிகளில் இந்தச் சமநிலைக்காகப் பெரும்பாடு படுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாக அடங்கிவிடுவதால், அந்த நுணுக்கத்தின் பெரும்பகுதி கிட்டாரில் கேட்காது. சுருள் அடுக்குகளுக்கு இடையே காகிதம் வைத்த பழைய முறைக்குத் தனி இனிமை உண்டு என்ற பேச்சும் இதோடு சேர்ந்தது. காகிதத்துக்கென்று ஒலி கிடையாது. அடுக்குகளின் இடைவெளியும் வரிசையும் மாறும்போது கசிவும் மின்தேக்கமும் மாறுகின்றன, அவ்வளவே.

பாஸ்மேனிலிருந்து ஜேடிஎம்45 வரை

மின்மாற்றி விவாதங்களில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு ஒன்றைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் நடத்திய இசைக்கருவிக் கடையில், 1962-இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் உழைப்பில் ஜேடிஎம்45 என்னும் ஆம்ப் உருவானது. அதன் மின்சுற்று ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேன் ஆம்பை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியது. ஆனால் அமெரிக்க உதிரிப்பாகங்களுக்குப் பதிலாக, இங்கிலாந்தில் கையெட்டும் தொலைவில் கிடைத்தவற்றைக் கொண்டு அது கட்டப்பட்டது. தொடக்க கால ஆம்புகளில் உதிரிப்பாகங்களை விற்ற ரேடியோஸ்பேர்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் இருந்த வெளியீட்டு மின்மாற்றி இடம்பெற்றது. இரண்டு ஆம்புகளும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. மின்சுற்று ஒன்றுதான், ஆகவே வேறுபாடு முழுவதும் மின்மாற்றியால்தான் என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு அவசரமானது. பாஸ்மேன் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களை 2 ஓமில் இயக்கியது. மார்ஷல் நான்கு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களை மூடிய பெட்டியில் 16 ஓமில் இயக்கும் வழிக்கு வந்தது. முதல் வால்வு வேறு, பவர் வால்வுகளும் பின்னர் வேறு வகைக்கு மாறின. இவ்வளவும் ஒன்றாக மாறியபின் மின்மாற்றியின் பங்கை மட்டும் காதால் பிரித்தெடுக்க முடியாது.

ஆனாலும் மின்மாற்றி வழியே நடந்த ஒரு மாற்றத்தைக் கணக்கிட்டே காட்டலாம். அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தம். எதிர்ப் பின்னூட்டம் என்பது ஸ்பீக்கருக்குச் செல்லும் சமிக்ஞையின் ஒரு துளியை எடுத்து, முந்தைய நிலைக்கு எதிர்த்திசையில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. அது ஆம்பைக் கட்டுக்குள் வைக்கிறது, ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்குகிறது. பாஸ்மேனில் அந்தத் துளி 27,000 ஓம் மின்தடை வழியாக 2 ஓம் முனையிலிருந்து வருகிறது. தொடக்க கால ஜேடிஎம்45-இல் அதே 27,000 ஓம், ஆனால் எடுத்தது 16 ஓம் முனையிலிருந்து. ஒரே வாட்டில் 16 ஓம் முனையின் மின்னழுத்தம் 2 ஓம் முனையைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு. மின்சுற்று வரைபடத்தில் அந்த மின்தடையின் எண் மாறாமலேயே பின்னூட்டம் இத்தனை மடங்கு கூடிவிட்டது. வாக்ஸ் ஏசி30 என்னும் இன்னொரு ஆம்பில் இந்தப் பின்னூட்டமே கிடையாது. அதனால் ஸ்பீக்கரின் இயல்பு அதில் தடையின்றி வெளிப்படுகிறது.

பவர் மின்மாற்றியின் பங்கு

பவர் மின்மாற்றி ஒலிச் சமிக்ஞையைத் தொடுவதில்லை என்றாலும், விரலுக்குத் தெரியும் ஒரு குணத்தைத் தருகிறது. கம்பியை வலுவாக மீட்டும்போது பவர் வால்வுகள் திடீரென அதிக மின்னோட்டத்தைக் கேட்கின்றன. சிறிய மின்மாற்றியின் சுருளில் உள்ள மின்தடை காரணமாக அந்தக் கணத்தில் மின்வழங்கலின் அழுத்தம் தாழ்ந்து, சுரத்தின் முதல் அடி தணிந்து, பிறகு மெல்ல எழுகிறது. இதை வாசிப்பவர்கள் சாக் என்கிறார்கள். இதில் மின்மாற்றி தனியாக இல்லை: மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தி வால்வுக்கும் பங்குண்டு. 5ஒய்3 வகைத் திருத்தி முழுச் சுமையில் 60 வோல்ட் அளவுக்கு இழக்கும். ஜிசெட்34 இருபது வோல்ட்டுக்கும் குறைவாகவே இழக்கும்.

அமெரிக்க ஆம்பை இந்தியாவிலோ இலங்கையிலோ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். 120 வோல்ட்டுக்கான ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அது அழிந்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியை இடையில் வைத்தாலும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 60 ஹெர்ட்ஸை மட்டும் கருதிச் செய்த உள்ளகம் 50 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காந்தப்பாயத்தைச் சுமந்து, அதிகம் சூடாகிறது. பவர் மின்மாற்றியை மாற்றும் வாய்ப்பு வந்தால் 50 ஹெர்ட்ஸுக்கும் 230 வோல்ட்டுக்கும் உரியதையே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போதும் மாற்றும்போதும்

பெயரைத் தேடும் முன் எண்களைத் தேட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முதலில் முதன்மை மின்னெதிர்ப்பும் உங்கள் ஸ்பீக்கருக்குரிய முனையும். அடுத்து அந்த வாட்டை எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் வரை தாங்கும் என்பது. ஒற்றை வால்வு ஆம்பாக இருந்தால் எவ்வளவு நேர்மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதும். தகட்டின் தரத்தையும் அடுக்கின் பருமனையும் செய்பவரிடம் கேட்கலாம். இவை பொருந்திய இரண்டு மின்மாற்றிகளுக்கு இடையே எஞ்சும் வேறுபாடு, ஸ்பீக்கரை மாற்றுவதால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியது. தொனி பிடிக்கவில்லை என்றால் பணத்தை முதலில் ஸ்பீக்கரில் செலவிடுவதே முறை.

ஒப்பிடும்போது ஸ்பீக்கர், வால்வுகள், ஒலியளவு மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். தடித்த கம்பியை முழு ஒலியில் மீட்டிக் கேட்க வேண்டும். மின்மாற்றி தன் எல்லையைக் காட்டும் இடம் அதுவே. ஆம்புக்குள் இருக்கும் மின்தேக்கிகள் சுவிட்சை அணைத்த பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும் என்பதால், பழக்கம் இல்லாதவர் அதைத் திறக்கக் கூடாது. பழகியவர்களும் மறந்துவிடும் ஒன்று: எதிர்ப் பின்னூட்டம் உள்ள ஆம்பில் புதிய வெளியீட்டு மின்மாற்றியின் திசை மாறிப் பொருந்தினால், பின்னூட்டம் எதிர்க்காமல் ஊக்கத் தொடங்கி, ஆம்ப் இயங்கியதுமே உரத்து ஊளையிடும். உடனே அணைத்து, மின்தேக்கிகளின் மின்னேற்றத்தை வெளியேற்றிவிட்டு, பவர் வால்வுகளுக்குச் செல்லும் முதன்மைச்சுருளின் இரு முனைக் கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் ஊளை நின்றுவிடும்.